வீட்டு ஷெட்டில் வெல்டிங் செட்டுக்குத் தனி லைன்

நம்மவர் வீடுகளில் சிறு பட்டறை வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பெருகி வருகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு; வேலை தேடும் பிள்ளைகளுக்கோ கைச்செலவுக்கு வழி. கார் நிறுத்தும் தகரக் கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு வைஸ், ஒரு கிரைண்டர், அப்புறம் ஒரு வெல்டிங் மெஷின். நான் 1982-இல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது வெல்டிங் செட் என்றால் எண்ணெய் நிரப்பிய இரும்புப் பெட்டி. சக்கரம் இருந்தும் இரண்டு கலாசிகள் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். இன்று இன்வெர்ட்டர் வகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். விற்பவரும், "வீட்டு பிளக்கிலேயே ஓடும் சார்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். அவர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், "அப்பா, வெல்டருக்கு ஹை வோல்டேஜ் பாயிண்ட் தனியாப் போடணும், 240 வோல்ட் வேணும்" என்று சொல்கிறார்கள், வீடியோவும் அனுப்புகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட்தான். பெரிய மெஷினுக்கு, 120 வோல்ட் உள்ள இரண்டு கம்பிகளை எடுத்து, அவற்றுக்கு இடையே 240 வோல்ட் பெறுகிறார்கள். அந்த இரண்டுமே உயிருள்ள கம்பிகள். நமக்கோ செல்போன் சார்ஜர் மாட்டும் பிளக்கிலேயே 230 வோல்ட் இருக்கிறது; ஒரு கம்பி ஃபேஸ், மற்றது நியூட்ரல். ஆகவே நமக்குத் தேவை கூடுதல் வோல்ட் அல்ல, கூடுதல் ஆம்பியரைத் தாங்கும் வழி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே ஒரு மிஸ்திரியிடம் போய் "ஹை வோல்டேஜ் லைன்" என்று கேட்டால், மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் அவர் இரண்டு ஃபேஸை இழுத்துக் கொடுத்துவிடுவார். பழைய டிரான்ஸ்ஃபார்மர் செட்டுகள் அப்படித்தான் ஓடின. அவர் அதைத்தான் பழகியிருக்கிறார். இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். 230 வோல்ட் இன்வெர்ட்டர் மெஷினுக்கு அதைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் பட்டாசு மாதிரி வெடிக்கும். மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டைப் படித்த பிறகே எந்த லைன் என்று முடிவு செய்ய வேண்டும்.

இனிக் கணக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். கையால் பிடித்துப் பற்றவைக்கும் ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்டேஜைக் கணிக்க ஒரு நிலையான சூத்திரம் உண்டு: வெல்டிங் கரண்டை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்ட வேண்டும். கடையில் 12 நம்பர் என்று சொல்லும் 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 80 ஆம்பியர் வைக்கிறோம் என்று கொள்வோம். ஆர்க் வோல்டேஜ் 23.2, சக்தி சுமார் 1,860 வாட். மெஷினின் செயல்திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே போக வேண்டியது ஏறக்குறைய 2,200 வாட். இன்வெர்ட்டர் மெஷின்களில் பலவற்றுக்குப் பவர் ஃபேக்டர் 0.7 அளவில்தான் இருக்கும். அதனால் வகுத்து, 230-ஆலும் வகுத்தால் சுவரிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 14 ஆம்பியர். நம் பெரிய பிளக் 16 ஆம்பியர். ஆக, விற்பவர் சொன்னது இதுவரை உண்மை.

இப்போது கேட் செய்ய வேண்டும் என்று 10 நம்பர் ராடு, அதாவது 3.15 மில்லிமீட்டர், எடுத்து 120 ஆம்பியர் வைக்கிறோம். அதே கணக்கைப் போட்டால் வருவது 22 ஆம்பியர். கோடையில் லைன் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் 25 ஆம்பியர்; ஏனென்றால் வோல்டேஜ் குறைந்தாலும் இந்த மெஷின் தனக்கு வேண்டிய சக்தியை விடாது, கரண்டைக் கூட்டி வாங்கிக்கொள்ளும். கீசருக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் இதை ஐந்து நிமிடம் தாங்கும், பத்து நிமிடம் தாங்கும். அப்புறம் பிளக்கின் பின் பழுப்பேறி, சாக்கெட்டின் ஸ்பிரிங் இளகி, பிடிப்பு தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடேறி, ஒரு நாள் சுவரோடு கருகும். ஃபியூஸ் போகாது. கரண்ட் அதிகமானதற்குத்தான் ஃபியூஸ், தொடுமுனை தளர்ந்ததற்கு அல்ல.

கம்பிக்கு வருவோம். கார் ஷெட் பெரும்பாலும் மெயின் போர்டிலிருந்து தள்ளியே இருக்கும். 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 50 மீட்டர் செம்புக் கம்பி. 2.5 ஸ்கொயர் கம்பியில் 22 ஆம்பியர் போனால் வழியிலேயே 8 வோல்ட் தொலைகிறது. 6 ஸ்கொயரில் மூன்றரை வோல்ட்தான். ஆனால் எனக்கு வோல்டேஜ் இழப்பை விடச் சூட்டைப் பற்றித்தான் கவலை. குழாய்க்குள் போகும் 6 ஸ்கொயர் பி.வி.சி. கம்பி ஏறத்தாழ 31 ஆம்பியர் தாங்கும் என்று நம் அட்டவணைகள் சொல்கின்றன. 4 ஸ்கொயர் 24 ஆம்பியர். இது 40 டிகிரி சூழலுக்கு. நம் நாக்பூரில் மே மாதம் நிழலிலேயே 45 டிகிரி. தகரக் கூரையின் அடியில் 50-க்குக் குறையாது. 70 டிகிரிக்கு மேல் போகக்கூடாத பி.வி.சி. உறைக்கு, வெளியே 50 இருந்தால், சூடேற மிச்சம் இருப்பது 20 டிகிரிதான். அப்போது 31 என்பது 25 ஆகிவிடுகிறது. 4 ஸ்கொயர் 20-க்கும் கீழே போய்விடுகிறது. அதனால்தான் இந்த வேலைக்கு 6 ஸ்கொயர் செம்பு, 25 ஆம்பியர் எம்.சி.பி. என்று நான் சொல்வது. "4 ஸ்கொயர் போதும், ஊரில் எல்லாரும் அதுதான் போடறாங்க" என்று யாராவது சொன்னால், அவரை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் ஷெட்டில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் அலுமினியக் கம்பி இருக்கும். அதோடு புதுச் செம்பை முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். இந்த லைன் மெயின் போர்டில் தனி எம்.சி.பி.யிலிருந்து கிளம்பி, நடுவில் எங்கும் ஒட்டுப்போடாமல் நேராக ஷெட்டுக்குப் போக வேண்டும். எம்.சி.பி.யும் வீட்டுக்குள் போர்டிலேயே இருக்கட்டும். பாதுகாக்க வேண்டியது கம்பியை, அது கிளம்பும் இடத்திலிருந்தே. எம்.சி.பி.யில் 'சி' என்று எழுத்துப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு விளக்குகளுக்குப் போடும் 'பி' வகை, அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்ட் வந்தாலே உடனே விழுந்துவிடும். 'சி' ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். ஸ்விட்ச் போட்டவுடன் மெஷின் ஒரு கணம் வாரி இழுப்பதற்கு அந்தப் பொறுமை வேண்டும். இன்னும் சிலரிடம் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு 'டி' வகை தேவைப்படலாம்.

ஷெட்டில் சுவரில் வைக்க வேண்டியது தொழிற்சாலைகளில் பார்த்திருப்பீர்களே, நீல மூடி போட்ட 32 ஆம்பியர் உருண்டை சாக்கெட், அது. நீலம் 230 வோல்ட்டுக்கு. சிவப்பு மூன்று ஃபேஸுக்கு. எர்த் பின் மற்றவற்றை விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதால் செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் விடும். பக்கத்திலேயே ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக அறுக்கும் டபுள் போல் ஸ்விட்ச் ஒன்று. தரையிலிருந்து இடுப்புயரம் இருக்கட்டும். வண்டி கழுவும் தண்ணீர் தெறிக்காத சுவராகவும், ஸ்கூட்டர் நிறுத்தாத மூலையாகவும் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி தரையோடு படியும் என்பதை மறக்கக் கூடாது.

இனி எர்த். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

"எர்த் நல்லா இருக்கு, ஷாக் அடித்தால் ஃபியூஸ் போயிடும்" என்று நம்பாதவர் இல்லை. கணக்குப் பார்ப்போம். வீட்டு எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் அது நல்ல குழிதான். மெஷினின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் மண்ணுக்குள் போகும். 25 ஆம்பியர் 'சி' எம்.சி.பி. உடனே விழ 125-க்கு மேல் வேண்டும். 46-க்கு அது சூடேறி மெல்ல விழும். அதுவரை மெஷினின் உடம்பு உயிரோடு இருக்கும். குழி 20 ஓம் என்றால் பதினொன்றரை ஆம்பியர்தான், எம்.சி.பி. அசையவே அசையாது. விதர்பாவின் கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையான எர்த். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, புதைத்த குழாயைவிட்டு விலகி நிற்கும். ஜூலையில் 4 ஓம் காட்டிய குழி மே மாதம் எவ்வளவு காட்டும் என்று அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவது வீண் வேலை இல்லை.

ஆகவே எர்த்தோடு ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் அறுத்துவிடும். இந்த லைனுக்கென்று தனியாக 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், 'ஏ' வகை போடச் சொல்லுங்கள். மலிவாகக் கிடைக்கும் 'ஏ.சி.' வகை, இன்வெர்ட்டர் மெஷினில் வரக்கூடிய ஒருபக்கக் கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டி' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

ஆனால் ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனிக்கு அருகே நடந்தது. ஐ.டி.ஐ. முடித்த பையன், வேலை பார்த்த ஆலை மூடிவிட்டதால் வீட்டிலேயே ஜன்னல் கிரில் செய்ய ஆரம்பித்திருந்தான். நல்ல கைவேலை. அவன் அம்மா ஒரு நாள் என் மனைவியைப் பார்க்க வந்தவர் என்னிடம் சொன்னார்: "அண்ணா, ரெண்டு நாளா வாஷிங் மெஷின்ல கை வெச்சா சுர்ருங்குது. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியல." நான் உடனே டெஸ்டரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு அவருடனேயே போனேன்.

கொல்லையில் வாஷிங் மெஷினுக்கும் போர் மோட்டாருக்கும் போர்டிலிருந்து ஒரே எர்த் கம்பி, 1.5 ஸ்கொயர். அது பாதி வழியில் உருகி, குழாய்க்குள் பச்சை உறை கரியாகிக் கிடந்தது. வாஷிங் மெஷினில் கொஞ்சம் கசிவு. அது போக வழியில்லாமல் தகட்டில் நின்றது. சரி, எர்த் கம்பியை உருக்கியது எது? பையனைக் கூப்பிட்டு, "வேலை செய்யும்போது கிளாம்பை எங்கே மாட்டுவே?" என்று கேட்டேன். "சில சமயம் மெஷின் கைப்பிடியிலேயே தொங்கும் அங்கிள், ஆனாலும் ஆர்க் நல்லா அடிக்குது" என்றான். நல்லா அடிக்கத்தான் செய்யும். அவன் வேலை செய்த சட்டம் ஷெட்டின் இரும்புத் தூணில் சாய்ந்திருந்தது. போர் மோட்டாரின் இரும்புக் குழாய் அதே தூணில் கிளிப் போட்டுக் கட்டியிருந்தது. ராடிலிருந்து இறங்கிய 100 ஆம்பியர் கரண்ட், சட்டம், தூண், குழாய், மோட்டாரின் எர்த் கம்பி, போர்டு, அங்கிருந்து வெல்டிங் மெஷின் பிளக்கின் எர்த், மெஷினின் உடம்பு, கைப்பிடி, கிளாம்பு என்று வீட்டையே சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறது. இந்தக் கரண்ட் எந்த ஃபேஸ் வழியாகவும் போகவில்லை. அதனால் ஃபியூஸுக்கும் தெரியாது, எம்.சி.பி.க்கும் தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. அந்த அம்மா ஈரக்காலோடு துணி எடுக்கும் கொல்லையில் எர்த் இல்லாமல் போனது யாருக்குமே தெரியாது. அன்றே வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மறுநாள் லைசென்ஸ் உள்ளவரை வரவழைத்து எர்த் கம்பி புதிதாக இழுத்தோம்.

ரயில்வேயில் இதற்குக் கண்டிப்பான விதி உண்டு: வண்டியின் மேல் பற்றவைக்கும்போது திரும்பு கேபிளைத் தண்டவாளத்தில் மாட்டக்கூடாது; பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், அதே இரும்பில்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் அச்சின் ரோலர் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்திவிடும். அன்றைக்குத் தெரியாது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பேரிங் சூடாகும்போதுதான் தெரியும். வீட்டிலும் அதே விதிதான். கிளாம்பு வேலைத் துண்டிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில். மெஷினைச் சிமென்ட் தரையில் மரப்பலகை மேல் வையுங்கள். வேலைத் துண்டை வீட்டு இரும்பு எதன் மேலும் சாய்க்காதீர்கள். புது லைனில் எர்த் கம்பியும் 6 ஸ்கொயராகவே போகட்டும்.

ஆர்.சி.சி.பி. மெஷினுக்கு முன்பக்கம்தான் காவல். ராடுக்கும் கிளாம்புக்கும் இடையே, ஆர்க் இல்லாதபோது 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். அதில் கை பட்டால் அதற்குத் தெரியாது. வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றுவதுதான் கோடையில் ஆபத்து. இரண்டு ஜோடித் தோல் கையுறை வைத்துக்கொண்டு, ஈரமானதை வெயிலில் போட்டுவிட்டு மற்றதை மாட்டுங்கள்.

கம்பிகளின் நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் மெஷினோடு வரும் வளையும் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். சுவரில் நீலம் உயிர்க் கம்பியாக இருக்கலாம், கார்டில் நீலம் நியூட்ரல்! பிள்ளை அமெரிக்காவிலிருந்து மெஷின் கொண்டுவந்தால் இன்னொரு வம்பு: அங்கே கறுப்புதான் உயிருள்ள கம்பி. நிறத்தை நம்பி இணைக்க விடாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்தே இணைக்கச் சொல்லுங்கள். அந்த மெஷினின் தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றும் இருந்தால்தான் இங்கே ஓடும்.

"இணைக்கச் சொல்லுங்கள்" என்றுதான் எழுதுகிறேன், "இணையுங்கள்" என்று எழுதவில்லை. சட்டப்படி இந்த வேலை லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியது. முடிந்ததும் இன்சுலேஷன், எர்த் தடை இரண்டையும் அளந்து எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். இந்தி சரளமாக வராததால் நம்மவர் பலர் மிஸ்திரி செய்ததே சரி என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். மூன்று கேள்வி போதும்: "அர்த்திங் கா தார் கஹாங் ஜாதா ஹை?", "தார் கித்னே ஸ்கொயர் கா ஹை?", "டபுள் போல் ஹை க்யா?" இவற்றைக் கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றால் வேலையின் தரமே மாறிவிடும்.

மின் வினியோக நிறுவனத்தின் சங்கதியும் இருக்கிறது. பல வீடுகளின் அனுமதிக்கப்பட்ட லோடு 3 கிலோவாட்டுக்குள்தான். 10 நம்பர் ராடு ஒன்றே மூன்றரை கிலோவாட் கேட்கிறது, ஃபிரிட்ஜ், ஏ.சி. வேறு. லோடு உயர்த்த விண்ணப்பம் கொடுத்து, அனுமதி வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சொந்த வீட்டுக் கேட்டைப் பழுது பார்ப்பது வேறு, காசு வாங்கி கிரில் செய்வது வேறு. வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். அந்தப் பையனுக்கு இதையும் சொன்னேன். ஷெட்டுக்கென்று தனி மீட்டருக்கு எழுதிப் போட்டான். வர இரண்டு மாதம் ஆயிற்று. வேலை இப்போது அந்த மீட்டரில்தான் நடக்கிறது.

லைன் தயாரானதும் முதல் நாள் ஒரு சோதனை செய்யுங்கள். 12 நம்பர் ராடு போட்டு அரைமணி நேரம் விட்டுவிட்டு வேலை செய்யுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் பின்களின் அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே ஏதோ திருகு சரியாக இறுகவில்லை. ஒப்பந்தக்காரர் ஊரில் இருக்கும்போதே திரும்பக் கூப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகுகளையும் அவரையே ஒருமுறை இறுக்கச் சொல்ல வேண்டும். புதுச் செம்புக் கம்பி திருகின் அடியில் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். போர்டில் அந்த எம்.சி.பி.யின் கீழே "ஷெட் வெல்டிங்" என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஷெட்டில் ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர் எதை அணைப்பது என்று தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.